கொடுமுடி முதல் சென்னை வரை: கே.பி.சுந்தராம்பாள் போன வழியில் ஒரு பயணம்

சனிக்கிழமை, கொடுமுடி

கொடுமுடிக்கு ரயிலில் வருவதுதான் சரி. நாடக மேடையிலும் திரையிலும் பாடி நடித்துப் புகழ்பெற்ற சுந்தராம்பாள் பாடத் தொடங்கியதே இந்தப் பாதையில் ஓடிய வண்டிகளில்தான். ஈரோடு - கரூர் - திருச்சி தடத்தில் ஈரோட்டிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். பாசஞ்சர் வண்டிகள் நிற்கும், விரைவு வண்டிகளில் சில மட்டும் நிற்கும். ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியைத் தவறவிட்டால் ஈரோடு - கரூர் பேருந்துகள் ஊர் வழியாகவே போகின்றன. நிலையத்திலிருந்து கோயிலுக்கும் ஆற்றுக்கும் நடந்தே போய்விடலாம்.

தெற்கே இறங்கி வரும் காவிரி கிழக்கே திரும்பும் இடம் இது. கரையில் மகுடேசுவரர் கோயில். சிவன், பெருமாள், வன்னி மரத்தடியில் பிரம்மா என மூவரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். 'சொல்லும் நா நமச்சிவாயவே' என்று முடியும் பதிகத்தைச் சுந்தரர் பாடியது இங்கேதான். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே கோயிலை முடித்துவிட்டு ஆற்றுக்கு இறங்குவது நல்லது. மேட்டூரில் தண்ணீர் திறந்திருக்கும் நாட்களில் படித்துறையைத் தாண்டி இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு பலமாக இருக்கும்.

பங்குனி உத்திரத்தை ஒட்டி வந்தால் இந்த ஊரின் இசையைக் காதாலேயே கேட்கலாம். சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் இங்கே காவிரியில் தீர்த்தம் முகந்து, குடத்தின் வாயைத் துணியால் கட்டி, காவடியாகத் தோளில் சுமந்து, தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடக்கிறார்கள். எண்பது கிலோமீட்டருக்கு மேல் நடை. நடைக்குத் தோதான தாளத்தில்தான் பாட்டு வரும். காவடிச் சிந்து பெரும்பாலும் மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் இருப்பதால் அடி எடுத்து வைப்பதும் தாளம் விழுவதும் ஒன்றாகிவிடும். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். முன்னால் பாடுகிறவரின் குரல் கூட்டத்தின் கடைசி ஆள் வரை எட்டாவிட்டால் நடை கலைந்துவிடும். திறந்த வெளியில், நடக்கிற கூட்டத்துக்கு முன்னால், எட்டும்படி பாடுவது இந்தக் கரையில் பழைய பழக்கம். பின்னாளில் சுந்தராம்பாளின் முருகன் பாட்டுகளைக் கேட்கும்போதெல்லாம் அந்த நடைப்பாட்டின் வீச்சு எனக்குக் காதில் விழும்.

1908-இல் இங்கே பிறந்தார். கே என்பது கொடுமுடி, பி என்பது தாயார் பாலாம்பாள். தம்பி கனகசபாபதி, தங்கை சுப்பம்மாள். வீட்டில் வறுமை. ரயிலில் பாடிக் காசு வாங்கி வீட்டுக்குக் கொடுத்த சிறுமி அவர். ரயில் பெட்டி என்பது மிகக் கடுமையான பள்ளிக்கூடம். சக்கரச் சத்தத்துக்கு மேலே குரல் நிற்க வேண்டும். அடுத்த நிலையம் வருவதற்குள் பாட்டையும் முடித்து, காசையும் வாங்கியிருக்க வேண்டும். ஆலாபனைக்கு அங்கே நேரம் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே உச்சத்தைத் தொட்டு, சொல் விளங்கப் பாடினால்தான் சன்னலோரம் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். எடுப்பிலேயே மேல் ஸ்தாயி, ஒரு சொல்லும் சிதையாத உச்சரிப்பு என்ற இரண்டும் கடைசிப் படம் வரை அவரிடம் மாறவில்லை.

காங்கிரஸ் மேடைகளில் சத்தியமூர்த்தியோடு ஊர் ஊராகப் பாடிய காலத்தில், இந்த ஊர் வீட்டுக்குக் காந்தி வந்தார். தங்கத் தட்டில் உணவு பரிமாறினார் சுந்தராம்பாள். 'சாப்பாடு மட்டும்தானா, தட்டு இல்லையா' என்று காந்தி கேட்க, தட்டையும் கொடுத்துவிட்டார், அது ஏலத்துக்குப் போனது என்பது கொடுமுடியில் யாரைக் கேட்டாலும் சொல்லும் சேதி. பின்னாளில் சொந்த ஊரிலேயே கே.பி.எஸ். என்ற பெயரில் திரையரங்கும் கட்டினார்.

ஞாயிறு, கரூர் வழியாகத் திருச்சி

கொடுமுடியிலிருந்து கரூர் கொஞ்ச தூரம்தான். வண்டியில் வலப்பக்கமோ இடப்பக்கமோ பார்த்துக்கொண்டே வந்தால் புகழூர்ப் பக்கத்து வயல்கள் கண்ணில் படும். இன்றைக்குப் பார்ப்பதற்கென்று அதிகம் இல்லை. நாடகக் கம்பெனி என்றால் என்ன என்பதை எழுதிவிடுகிறேன், நாளை அது தேவைப்படும்.

வேலு நாயரின் நாடகக் குழுவில் சிறுமியாகச் சேர்ந்தார் சுந்தராம்பாள். 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் அழும் ஆண்பிள்ளை வேடம். 'பசிக்குதே வயிறு பசிக்குதே' என்று அவர் பாடியபோது கொட்டகையே கலங்கியது என்பார்கள். ரயிலில் உண்மையிலேயே பசிக்காகப் பாடிய குழந்தை அது, பாவம் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

அன்றைக்கு நாடக உலகம் பெரும்பாலும் பையன்களை நம்பி ஓடியது. பாலர் கம்பெனிகளில் பையன்களைச் சேர்த்து, சாப்பாடு போட்டு, பாடம் சொல்லி, ராஜபார்ட் என்ற நாயகன் வேடம், ஸ்திரீபார்ட் என்ற பெண் வேடம் எல்லாவற்றையும் அவர்களையே போடச் செய்வார்கள். இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. பதின்மூன்று பதினான்கு வயதில் மகரக்கட்டு வரும். பாடுகிறவரின் ஆதார சுருதியை ஆர்மோனியக் கட்டையை வைத்துத்தான் எண்ணுவார்கள். குரல் உடைந்து, ஐந்து கட்டையில் பாடிக்கொண்டிருந்த பையன் ஒரே பருவத்தில் இரண்டு கட்டைக்கு இறங்கிவிடுவான். வேடம் போய்விடும். பல பையன்களின் மேடை வாழ்க்கை அங்கேயே முடிந்தது. அந்த நேரத்தில் மேல் ஸ்தாயியை வற்புறுத்திப் பிடிக்கப் பார்த்தால் தொண்டை நிரந்தரமாகக் கரகரத்துவிடும். பெண் குரலுக்கு இந்த முறிவு கிடையாது. குழந்தையாக ஆண் வேடத்தில் ஏறிய சுந்தராம்பாள் அதே சுருதியிலேயே வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் வளர்ந்தார். தேவைப்பட்டபோது ராஜபார்ட்டும் கட்டினார்.

திங்கள், மதுரையும் ஒரு நாடக ராத்திரியும்

அவர் நின்ற மேடையை இன்றும் பார்க்க வேண்டுமென்றால் மதுரைக்கு வர வேண்டும், அதுவும் பங்குனிக்கும் ஆடிக்கும் நடுவில். கோயில் கொடைகளுக்கும் திருவிழாக்களுக்கும் ஸ்பெஷல் நாடகம் போடும் பருவம் அது. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி ஊர்களில் நாடக நடிகர் சங்கங்கள் உண்டு. சங்கத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீசைப் பார்த்தாலே எந்தத் தேதியில் எந்த ஊரில் என்ன நாடகம் என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு நடிகர் பெயருக்கும் முன்னால் அவரவர் ஊர்ப்பெயர் இருக்கும். கொடுமுடி, செங்கோட்டை என்று அன்று போட்டதும் இதே வழக்கத்தில்தான். நுழைவுச் சீட்டு கிடையாது. கீழே விரிக்க ஒரு பாய், ஒரு போர்வை, தண்ணீர் கொண்டு போங்கள். திரும்பி வர முதல் பேருந்து விடிந்த பிறகுதான்.

ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது, இயக்குநரும் கிடையாது. ஊர்க்காரர்கள் தாம்பூலம் வைத்து ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி முடிப்பார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் இன்னோர் ஊர். அன்று ராத்திரிதான் மேடைக்குப் பின்னால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இது நடப்பதற்குக் காரணம் சங்கரதாஸ் சுவாமிகள். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' என அவர் எழுதி வைத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பொதுப் பாடம். 1918-இல் மதுரையில் பாலர் சபையை ஏற்படுத்தியவரும் அவரே. 1922-இல் புதுச்சேரியில் காலமானார். நூறு ஆண்டு கழித்தும் முன்பின் பழகாத இருவர் மேடையில் சந்தித்து ஒரு முழு இரவை நடத்த அவருடைய பாடம் போதும்.

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் 'வள்ளி திருமணம்'. பத்து மணிக்கு ஆர்மோனியம் தொடங்கியது. முதல் இரண்டு மணி நேரம் பபூனும் டான்ஸும். கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கூட்டம் உட்கார்ந்து அடங்குவதற்கான நேரம் இது. வள்ளி வர நள்ளிரவு தாண்டும். அதனால் எட்டு மணிக்கே போய் உட்கார்ந்து பன்னிரண்டுக்குத் தூங்கிவிடாதீர்கள். நாடகமே அதற்கு மேல்தான்.

வாத்தியக்காரர்கள் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தால் விடாதீர்கள். கால் ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா, இன்னொருவர் டோலக்கு, தாளத்தட்டு, சத்தங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, அவரை ஆல்ரவுண்ட் என்பார்கள். ஆர்மோனியக்காரர் காலால் துருத்தியை மிதிப்பதால் இரண்டு கையும் சுரக்கட்டைக்குக் கிடைக்கிறது. பின்பாட்டும் அவரே. உண்மையில் அன்றிரவு நாடகத்தை நடத்துபவர் அவர்தான். நடிகரின் வசனத்தில் கடைசிச் சொல் விழும்போதே அடுத்த பாட்டின் எடுப்பை வாசித்துவிடுவார். ஒரு நடிகர் கற்ற பாடத்தில் நான்கு சரணம், மற்றவர் பாடத்தில் இரண்டு என்றால் மேடையில் முட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் ஆர்மோனியக்காரர் அடுத்த பாட்டின் முதல் அடியை அழுத்தி வாசித்தால் நீட்டுகிறவர் புரிந்துகொண்டு முடித்துவிடுவார். கீழே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது, சுரத்தை அசைத்து வழுக்கிப் பாடும் கமகம் அதில் பேசாது என்பது பண்டிதர்களின் குறை. குறை உண்மைதான். ஆனால் ராத்திரி முழுக்க சுருதி இறங்காமல் நிற்க நாடக மேடைக்கு இதைவிட்டால் வேறு வாத்தியம் இல்லை.

சுருதி இறங்குவது மிருதங்கத்தில். இரண்டு மணிக்கு மேல் பனி இறங்கினால் தோல் தளர்ந்து சுருதி கீழே போகும், ஆர்மோனியமோ நின்ற இடத்திலேயே நிற்கும். மிருதங்கக்காரர் சின்னக் கல்லை எடுத்து வலப்பக்கத் தோலான வலந்தலையின் விளிம்பை மேலிருந்து தட்டி ஏற்றுவார். இடப்பக்கத்துத் தொப்பியில் அப்பிய ரவைப் பசை அதற்குள் காய்ந்திருக்கும். காய்ந்தால் கும்கி என்ற அடிநாதம் வராது, விரலில் தண்ணீர் தொட்டுத் தடவ வேண்டும். பெண் குரலுக்கு 22 அங்குல நீளம், ஆண் குரலுக்கு 24 என்று இரண்டு மிருதங்கம் கொண்டு வருபவர்களும் உண்டு.

இரண்டு எதற்கு என்பதில்தான், சுந்தராம்பாளுக்கு மேடையில் ஜோடியாக நின்று பின்பு கணவருமான செங்கோட்டை கிட்டப்பாவோடு அவர் சேர்ந்த ஜோடியின் சூட்சுமம் இருக்கிறது. ஆண்கள் சாதாரணமாக ஒன்று, இரண்டு கட்டையில் பாடுவார்கள், பெண்கள் ஐந்து, ஐந்தரை. முருகனும் வள்ளியும் மாற்றி மாற்றிப் பாட வேண்டிய இடத்தில் ஒருவருக்காக மற்றவர் இறங்கினால் அவருடைய கீழ் சுரங்கள் காற்றில் போய்விடும், ஏறினால் மூச்சு முட்டும். பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றினால் கேட்பவர் காதில் ஒட்டுப்போட்டது போல் உறுத்தும். கிட்டப்பா பெண் குரலுக்கு இணையாக உச்சத்தில் பாடக்கூடியவர். இருவரும் ஒரே சுருதியில் நின்று, ஒருவர் விட்ட சுரத்திலேயே மற்றவர் எடுத்துப் பாட முடிந்தது. ஒலிபெருக்கி வராத காலம் அது. கொட்டகையின் கடைசித் தரை டிக்கெட் வரை அந்த உச்சக் குரல்தான் போய்ச் சேரும். ஒன்ஸ்மோர் கேட்டால் திரும்பவும் பாட வேண்டும். விடியும்வரை இப்படிப் பாடித் தாங்கிய தொண்டைகள் அவை.

இன்றைய வள்ளி மைக்கை விட்டு அரையடி தள்ளி நின்று தினைப்புனத்து ஆலோலப் பாட்டைப் பாடினார். பறவைகளை விரட்ட வயலில் உண்மையாகவே கூவும் கூவல் அது. நாட்டுப்புறத்தில் கூப்பிட்ட குரல் நாடகத்தில் ராகம் ஏறி நிற்பதை இந்த ஒரு பாட்டில் கேட்கலாம். சுந்தராம்பாளின் வள்ளி பெயர் வாங்கியதும் இந்தக் காட்சிகளில்தான். பிறகு நாரதரோடு தர்க்கம். இதில் கேள்விகள் அன்றன்றைக்குப் பிறக்கும். பதில் வராதவர் பாட்டில் புகுந்து தப்பித்துக்கொள்வார். நான்கு மணிக்குக் கண் சொக்கிய கூட்டம் தர்க்கத்துக்கு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது.

புதன், ராமேசுவரம்

1926-இல் இலங்கையில்தான் சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் ஒன்றாக மேடை ஏறினார்கள். 1914-இல் பாம்பன் பாலம் வந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயிலில் கொழும்பு என்று ஒரே சீட்டில் போகும் போட் மெயில் வழி பிறந்தது. தமிழ்நாட்டு நாடகக்காரர்களுக்குக் கொழும்பும் யாழ்ப்பாணமும் பெரிய வருமானம் தரும் ஊர்கள். சீன் படுதா, உடைப்பெட்டி, ஆர்மோனியம் எல்லாம் கப்பல் ஏறின. கடல் காற்றுக்கு ஆர்மோனிய நாக்கு களிம்பு பிடித்துச் சுரம் பிசகும், தோல் வாத்தியம் நமுத்துப்போகும். இறங்கிய ஊரில் முதல் வேலை தோல் வாத்தியங்களை வெயிலில் வைப்பதுதான். அப்படிப் போன நாடகங்கள் யாழ்ப்பாணத்தில் வேர் பிடித்து, அங்கே இசை நாடகம் என்ற பெயரில் தனி மரபாக வளர்ந்தன. யாழ்ப்பாணத்து நடிகர் வி.வி.வைரமுத்துவின் 'மயான காண்டம்' நாடகம் அந்த வழியில் வந்தது.

1964 டிசம்பர் புயலோடு தனுஷ்கோடி ரயிலும் கப்பலும் போயின. இப்போது அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. ராமேசுவரத்திலிருந்து பேருந்தும் ஆட்டோவும் கிடைக்கும். மாலைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், மதியமே கிளம்பிவிடுங்கள். நிலையத்தின் மிச்சச் சுவர்களைப் பார்க்கலாம், நிழல் மட்டும் கிடைக்காது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ராமேசுவரத்துக்கு மறுபடி ரயில் வருகிறது.

வியாழன், செங்கோட்டை

மதுரையிலிருந்து ராஜபாளையம், தென்காசி வழியாக ரயில். குற்றாலச் சாரல் காலமென்றால் இடம் கிடைப்பது கஷ்டம், முன்பதிவு செய்துவிடுங்கள். 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர் இது. கிட்டப்பா 1906-இல் இங்கே பிறந்தார். சிறுவனாகவே சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் சேர்ந்தவர், பிறகு கன்னையா கம்பெனியில் பெரும்புகழ் அடைந்தார். 1927-இல் சுந்தராம்பாளை மணந்தார். ஏற்கெனவே திருமணமானவர். மேடையில் இருந்த இணக்கம் வீட்டில் நெடுநாள் நிற்கவில்லை. 1933 டிசம்பர் 2-ஆம் தேதி, 27 வயதில், கிட்டப்பா காலமானார்.

சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. வெள்ளைச் சேலைக்கு மாறினார். எந்த ஆணுக்கும் ஜோடியாக இனி நடிப்பதில்லை என்று முடிவெடுத்து, கடைசி வரை காப்பாற்றினார். இதைக் கண்ணீர்க் கதையாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். தொழிலாகப் பார்த்தால் இது எவ்வளவு கடினமான முடிவு! தமிழ் நாடகமும் சினிமாவும் காதல் ஜோடியை வைத்தே ஓடிய காலத்தில், 25 வயது நட்சத்திரம் வள்ளியையும் பவளக்கொடியையும் கைவிடுகிறார். மிச்சம் என்ன வேடம் இருக்கிறது? ஆண் வேடம், துறவி, கிழவி, அடியார். அவர் நடித்த பாத்திரங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1935-இல் நந்தனாராக ஆண் வேடம். 1953-இல் ஔவையார், அப்போது வயது 45. 1964-இல் 'பூம்புகா'ரில் சமணத் துறவி கவுந்தி அடிகள். 1965-இல் 'திருவிளையாட'லில் மீண்டும் ஔவை, 1967-இல் 'கந்தன் கருணை'யிலும் அதே ஔவை. 1973-இல் காரைக்கால் அம்மையார். இளமையில் லட்சுமி, பேயுருவான பிறகு இவர். ஜோடியே வேண்டாத வேடங்களை மட்டும் வைத்து ஒரு நடிகை ஏறத்தாழ நாற்பது ஆண்டு திரையில் முதல் வரிசையில் இருந்தார் என்றால், அதைச் சாத்தியமாக்கியது அந்தக் குரல் ஒன்றுதான். தமிழர்கள் மனத்தில் ஔவையாரின் முகம் இன்று இவர் முகமாக இருப்பதும் அந்த முடிவின் விளைவு.

'நந்தனா'ருக்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அதுவரை யாரும் கேள்விப்படாத தொகை. வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர் நடித்தார். பின்னணி பாடும் முறை அப்போது வரவில்லை. கேமரா ஓடும்போதே நடிகர் பாட வேண்டும், வாத்தியக்காரர்கள் சட்டகத்துக்கு வெளியே மறைந்து உட்கார்ந்து வாசிப்பார்கள். மைக்கை விட்டு நகர்ந்தால் குரல் தேயும், திரும்பினால் சொல் போகும். அந்தக் காலப் படங்களில் பாடும்போது நடிகர்கள் நட்டு வைத்தாற்போல் நிற்பது இதனால்தான்.

சனிக்கிழமை, சென்னை

செங்கோட்டையிலிருந்து பொதிகை விரைவு வண்டி ராத்திரி முழுக்க ஓடிக் காலையில் எழும்பூரில் விடுகிறது. அவர் வேலை பார்த்த சென்னையில் கட்டடங்களைத் தேடிப் பயனில்லை. எஸ்.எஸ்.வாசன் 'ஔவையார்' எடுத்த ஜெமினி ஸ்டூடியோ இல்லை, மேம்பாலத்தின் பெயராக மட்டும் நெடுநாள் இருந்தது. 1951-இல் காங்கிரஸ் சார்பில் அவர் உறுப்பினரான சட்ட மேலவை 1986-இல் கலைக்கப்பட்டது. சட்டமன்ற அவையில் உறுப்பினரான முதல் இந்தியத் திரைக்கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். 1966-இல் தமிழ் இசைச் சங்கத்தின் இசைப் பேரறிஞர் பட்டம், 'துணைவன்' படப் பாட்டுக்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருது, 1970-இல் பத்மஸ்ரீ. அப்போதும் அவர் பாடும் முறை பழைய மேடையுடையதே. 1980-இல் மறைந்தார்.

தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் பாதுகாக்கப்படுகின்றன. போவதற்கு முன் தொடர்புகொண்டு எதைப் பார்க்க வேண்டும், எந்த ஆண்டுகள் என்று சொல்லிவிட்டால் வேலை எளிது. பாட்டுப் புத்தகங்கள் மலிவுக் காகிதத்தில் அச்சான மெல்லிய பிரசுரங்கள், தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். முழுதாக மலர்த்தாதீர்கள், விரலில் எச்சில் தொட்டுப் புரட்டவே கூடாது. பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும், பல இடங்களில் எந்தப் பழைய பாட்டின் மெட்டில் பாட வேண்டும் என்ற வர்ணமெட்டுக் குறிப்பும் அச்சாகியிருக்கும். அந்த வர்ணமெட்டுக் குறிப்பு முக்கியம். சந்தைக்கு வந்த ஒரு நாட்டுப்புற மெட்டு நாடகத்துக்குப் போய், அங்கிருந்து தேசியப் பாட்டாகி, இசைத்தட்டில் ஏறிய பாதையை அதை வைத்தே பிடிக்கலாம்.

பத்து அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. மேடையில் தாளமில்லாமல் பாடும் விருத்தத்தை ஒவ்வோர் அடியாக விரித்து, ஆர்மோனியம் திருப்பிச் சொல்ல, பிறகு தாளத்தில் பாட்டெடுத்துப் பத்து நிமிடம் பாடுவார்கள். தட்டில் விருத்தம் ஓரிரு அடி, உடனே பல்லவி, ஒரே சரணம். ரயில் பெட்டியில் பழகியவருக்கு இது புதிதில்லை. தட்டுகளில் அவர் நேரமில்லாமல் ஓடுவது போலவே இருக்காது. முப்பது ஆண்டு கழித்து 'திருவிளையாட'லில் முருகனிடம் முறையிடும் காட்சியில் அந்த விருத்தத்துக்கு மறுபடி இடம் கிடைத்தது. தாளமில்லாமல் நீட்டிப் பாடும்போதும் ஒவ்வொரு சொல்லும் முழுதாக வந்து விழுவதைக் கவனியுங்கள், 57 வயதுக் குரல் அது.

பழைய தட்டு கையில் கிடைத்தால் சில விஷயங்கள். அரக்கில் செய்தது, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் கரைந்துவிடும். மெல்லிய துணியில் தண்ணீர் தொட்டு, நடுச்சீட்டு நனையாமல் துடைக்கலாம். படுக்கப்போட்டு அடுக்கினால் வளையும், கீறும். நிமிர்த்தி வைக்க வேண்டும். எல்.பி. தட்டுக்கான முள் இதன் அகன்ற தடத்தில் அடியில் உரசி இரைச்சலையே எடுக்கும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் இந்தத் தட்டுக்கான பெரிய முனை முள் தனியாகப் போட வேண்டும். சாவி கொடுக்கும் பெட்டியாக இருந்தால் எஃகு முள்ளை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும், தேய்ந்த முள் தடத்தை உழுதுவிடும்.

இணையத்தில் கேட்பவர்கள் வேகத்தைச் சரிபாருங்கள். தட்டிலிருந்து நாடாவுக்கும் நாடாவிலிருந்து கணினிக்கும் போனதில் பல பதிவுகளின் வேகம் மாறிப்போயிருக்கிறது. வேகம் ஆறு சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். சுந்தராம்பாள் ஆறு கட்டை, ஏழு கட்டை என்று நடக்கும் வாதங்களில் பாதி இந்தப் பிழையால் வருபவை. ஓர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு, பாட்டுக்குப் பின்னால் கேட்கும் ஆர்மோனியத்தின் ஆதார சுருதியைத் தேடுங்கள். அது இரண்டு கட்டைகளுக்கு நடுவில், எதிலும் சேராமல் விழுந்தால் வேகம் தப்பாக இருக்கலாம். இப்போது கணினியில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் பார்த்து, பொருந்தும் கட்டைகளில் நிறுத்தி, அவருடைய மூச்சு எடுக்கும் இடங்களைக் கேளுங்கள். சொற்கள் அவசரப்படாமல், மூச்சு இயல்பாக விழுந்தால் அது அவர் பாடிய சுருதிக்கு நெருக்கமாக இருக்கும்.